சேற்று நாற்றம் என்று நான் சொன்னேன்

கோபம் வந்தால் 'ஏய்' என்றும் பாசம் வந்தால் 'ஏய் எலும்பி' என்றும் என்னைக் கூப்பிட்ட என் வசந்தா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நான் இருக்கிறேன். அசதியாக இருக்கிறேன். படுத்து எழுந்தாலும் அதே அசதிதான். இரண்டு மருமகள்கள் பிரித்துச் செய்த வேலையை ஒருத்தி செய்தால் வேறு எப்படி இருக்கும்? நீங்கள் இருந்தபோது நான் பாதி வேலைகூடச் செய்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

எழுதச் சொன்னது நம்முடைய மகளிர் குழு. தெருவில் பாதி வீட்டுக்கு கேஸ் வந்துவிட்டது, அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுதி வாசிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க வீட்லதானே நடந்துச்சு அலமேலு, நீயே எழுதேன்" என்றார்கள். பாடம் மாதிரி எழுத எனக்கு வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களுக்கு என்றால் எழுத வரும். அவர்களும் கூட உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பெரியவர், உங்கள் வீட்டுக்காரர்தான், உப்பளத்துக்குப் போகிறார், வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். உப்பு குறைந்தாலும் சொல்வதில்லை. உங்களிடம் எவ்வளவு சண்டை போடுவார் உப்புக்கு! உங்கள் கொழுந்தனுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, ஆனாலும் உப்புப் பாத்தி மிதிக்கப் போகிறார். உங்கள் மகள் வாணி பிளஸ் ஒன் படிக்கிறாள். உங்கள் உயரம் வந்துவிட்டாள். உங்கள் வாய் இன்னும் வரவில்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

கேஸ் அடுப்பை நீங்கள் போன மாசமே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் பெரியவர். மறுபடியும் சவுக்கு விறகுதான். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி என் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருக்கிறது. சமையல்கட்டுக்கு இரண்டு தடவை வெள்ளை அடித்தோம். கரி உள்ளேயிருந்து மறுபடி வருகிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, சுனாமி வந்தபோது கடலோரக் குப்பங்களில் எவ்வளவு போனது. நம் தெருவரைக்கும் தண்ணீர் வரவில்லை. "நமக்கு ஆயுசு கெட்டிடி எலும்பி" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் இருந்தீர்கள்.

அந்த வருஷ ஐப்பசியில்தான் கேஸ் வந்தது. ஏஜென்சியிலிருந்து ஒரு தம்பி வந்து மாட்டிக் கொடுத்தான். ரெகுலேட்டரை இப்படித் திருப்பணும், ராத்திரி மூடணும், டியூபை அப்பப்பப் பார்க்கணும் என்று எல்லாம் சொன்னான். "கேஸ் கசிஞ்சா வாசனை வருங்க. உடனே ஜன்னலைத் திறந்துடணும்" என்றான். என்ன வாசனை என்று நீங்கள் கேட்டீர்கள். "அழுகின முட்டை நாத்தம் மாதிரிங்க."

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தம்பி, எங்க ஊர்ல தை பொறந்தா வீடெல்லாம் அதே நாத்தம்தான். நாங்க எதுன்னு கண்டுபிடிக்கிறது?" நான் சிரித்தேன். அந்தத் தம்பியும் சிரித்தான். வாசலில் நின்ற உங்கள் கொழுந்தனும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. அவன் பதில் சொல்லவில்லை, நாமும் மறுபடி கேட்கவில்லை. இந்த ஒரு வருஷமாக நான் அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, குழுவில் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். மழைக்காலம் முழுக்க அளத்தில் தண்ணீர் நிற்கும். மழை விட்டதும் அதை இறைத்து, அடியில் கிடக்கிற கறுப்புச் சேற்றை வெட்டி வரப்பில் போடுவார்கள். அப்போது எழுகிற நாற்றம் முட்டை அழுகின மாதிரியேதான் இருக்கும். ஆம்பிளைகள் காலோடு, வேட்டியோடு அதை வீட்டுக்கும் கொண்டுவருவார்கள். மேல்காற்று அடித்தால் தெருவே நாறும். அந்த மாசம் நம் வீடுகளில் செய்வது இரண்டே வேலை. அளத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது, சாம்பிராணி போடுவது. நம் மாமியார் செய்தார்கள், நாமும் செய்தோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை தானாக ஜன்னலுக்குப் போகும்.

அக்கா, அடுத்து எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தை மாசம். அதற்கு முந்தின மழை உங்களுக்கே தெரியும், ஊரே மிதந்தது. அளத்தில் சேறு இடுப்பளவு என்று சொன்னார்கள். வெட்ட ஆரம்பித்து மூன்று நாள். அன்றைக்கு விடிவதற்குள் கஞ்சி காய்ச்சி ஆம்பிளைகளை அனுப்பிவிட்டோம். வெயில் ஏறினதும் மேல்காற்று திரும்பி நாற்றம் குப்பென்று வந்தது. நான்தான் போய் சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தினேன். பின்கதவையும் சாத்தி, அடியில் இருந்த இடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து அரிசி புடைத்தேன்.

பதினோரு மணி இருக்கும். நீங்கள் சமையல்கட்டுக்குப் போனீர்கள். வாசற்படியிலேயே நின்று கூப்பிட்டீர்கள். "ஏய் எலும்பி, இங்க வா. மூணு நாளா எனக்கு ஒரு மாதிரி இருக்குது. இது சேறு மாதிரி இல்லடி."

நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பியிருந்தேன். காலையிலிருந்து அந்த நாற்றத்திலேயே கிடந்த மூக்கு எனக்கு. வாசற்படிவரைகூட வரவில்லை. "மூணு நாளா சேறு வெட்டுறாங்க, மூணு நாளா நாறுது. வேற என்ன வாசனை வரும் உங்களுக்கு, அத்தரா வரும்? சாம்பிராணி ஒண்ணு கொளுத்துங்க, போயிடும்" என்றேன். நீங்கள் ஏதோ முனகினீர்கள். நான் காதில் வாங்கவில்லை. தண்ணீர் நின்றுவிடும் என்ற அவசரம்.

விறகடுப்பு இருந்தவரைக்கும் சாம்பிராணி போட நமக்குத் தீக்குச்சி வேண்டியதில்லை. அடுப்பிலே தணல் இருக்கும், கரண்டியில் அள்ளிக்கொள்வோம். கேஸ் வந்த பிறகு தணல் ஏது? அதற்காகத்தான் கடையில், தீக்குச்சியால் கொளுத்துகிற கம்ப்யூட்டர் சாம்பிராணி வாங்கி வைத்திருந்தோம். வாங்கி வந்தவளும் நான்தான்.

குழாயடியில் என் குடம் பாதி நிறைந்திருந்தது. பெரிய கதவை யாரோ ஒரே வீச்சில் சாத்தின மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். குடத்தை எங்கே போட்டேன் என்று எனக்குத் தெரியாது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தீர்கள். மூன்றாவது நாள் ஒரு அதிகாரி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். வீட்டில் யாராவது கொடுமை செய்தார்களா, யாராவது கொளுத்தினார்களா என்று கேட்டார். "யாரு மேலயும் தப்பு இல்லீங்க. நான்தான் பார்க்கலை" என்றீர்கள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். ஏன் பார்த்தீர்கள் அக்கா? உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னீர்களா? இல்லை, நீயாவது உண்மையைச் சொல்லடி என்று பார்த்தீர்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஏஜென்சியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். டியூப் முழுக்க எரிந்துபோயிருந்ததால் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரியவில்லை. எலி கடித்திருக்கும் என்று நான் மனதுக்குள் நினைத்தேன், அந்த வாரம் எலி ஓடிக்கொண்டிருந்தது. "முன்னாடியே வாசனை ஏதாவது வந்துச்சாங்கம்மா?" என்று கேட்டார். பெரியவர் பக்கத்தில் இருந்தார். வாணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைங்க. ஒரு வாசனையும் வரலை" என்றேன்.

மூன்று நாளாக வந்தது, நீங்கள் சொன்னீர்கள், நான் ஜன்னலைச் சாத்தினேன். ஆனால் வாயில் வந்தது அந்த ஒரு பொய். "அப்படின்னா அடுப்புத் திருகைத் திறந்து விட்டுட்டு மறந்திருப்பாங்க" என்று அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்கு மாலையே தெருவில் அது பேச்சாகிவிட்டது. 'திருகை மூடாமல் விட்டவள்' என்று உங்களுக்குப் பேர் வந்தது. பானை கழுவினால் அடிப்பக்கத்தையும் ஒரு தடவை தடவிப் பார்க்கிற உங்களுக்கு அந்தப் பேர்.

பழி உங்களோடு போயிருந்தால்கூட நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். அது வாணி மேல் ஏறி உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு, "எங்கம்மா கவனமா இருந்திருந்தா இருந்திருப்பாங்க" என்று சொன்னாளாம். அவள் தோழி வந்து என்னிடம் சொன்னாள். உங்கள் படத்துக்குப் பூ வைக்க மாட்டாள். நான் வைத்தால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறாள். அணைந்த அடுப்பில் கை வைத்துப் பார்க்கிறாள். பதினாறு வயசுப் பெண் செய்கிற வேலையா அது? ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். சொன்னால் அவளுக்குச் சித்தியும் இல்லாமல் போய்விடுவாளே என்று மூடிக்கொள்வேன். அவளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான்.

இந்த வருஷம் மழை சீக்கிரம் விட்டுவிட்டது. மார்கழியிலேயே சேறு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை மேல்காற்று திரும்பியது. எதிர்வீட்டு ரமீஜா, அதான் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாரே அவள்தான், படபடவென்று ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நானும் வாணியும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் சின்ன மகன் ஓடிவந்து, "பெரிம்மா, தீப்பெட்டி இருக்குதா? அம்மா ஊதுபத்தி ஏத்தணுமாம், எங்க வீட்ல ஒரே நாத்தம்" என்றான்.

எனக்குக் கைகால் ஓடவில்லை என்று சொல்வார்களே, நேர்மாறாக அன்றைக்குக் கால் தானாக ஓடியது. அவர்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டினதும் தெரிந்துவிட்டது. வெளியே நாற்றம் லேசாக இருந்தது. உள்ளே கனமாக இருந்தது. சமையல்கட்டுக்குப் போகப் போக இன்னும் கனம், குனிந்தால் இன்னும் அதிகம். சேறு என்றால் வெளியில்தானே அதிகமாக இருக்க வேண்டும்?

ரமீஜா கையை ஃபேன் சுவிட்சில் வைத்திருந்தாள். "கையை எடு" என்றேன்.

"ஏன் அலமேலக்கா, நாத்தம் போகட்டும்னுதான்."

"ஃபேனும் போடாத, லைட்டும் போடாத. போட்டிருக்கிறதை அணைக்கவும் வேணாம், எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். செல்போனை எடுக்காத. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுத் தெருவுக்குப் போ."

"யா அல்லா, சேறு வெட்டுறாங்கக்கா, அதுக்குப் போயி..."

"நீ போடி முதல்ல."

என் குரலைக் கேட்டுப் பயந்துபோய்க் கிளம்பினாள். சமையல்கட்டு ஜன்னலையும் பின்கதவையும் விரியத் திறந்தேன். அடுப்புத் திருகு இரண்டும் மூடித்தான் இருந்தது. ரெகுலேட்டரை மூடினேன். தெரு முழுக்க அடிக்கிற சேற்று நாற்றம் அப்படியே உள்ளே வந்தது. வரட்டும் என்று விட்டேன். வெளியே வந்து, கடை போனிலிருந்து ஏஜென்சிக்குச் சொல்லச் சொன்னேன். அதுவரைக்கும் யாரையும் உள்ளே விடவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். "அலமேலுக்கு இன்னும் அந்தப் பயம் போகலை" என்று ஒருவர் சொன்னார். நான் வாசலில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஏஜென்சி ஆள் வந்து சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ரெகுலேட்டர் மாட்டுகிற இடத்தில் நுரை நுரையாகக் கிளம்பியது. முந்தின நாள் சிலிண்டர் மாற்றியிருக்கிறார்கள், உள்ளே இருக்கிற வாஷர் கிழிந்து கிடந்தது. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ரமீஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழுவில் உள்ளவர்கள் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: நம் ஊரில் தை மாசம் நாறினால் சேறு என்று சொல்லாதீர்கள். முதலில் திறங்கள். சேறு என்றால் கொஞ்ச நேரம் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம், அவ்வளவுதானே நஷ்டம்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாணி எதிரில் வந்து நின்றாள்.

"சித்தி, அது சேறு இல்ல, கேஸ்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஏஜென்சிக்காரங்க சொன்னாங்களே, கசிஞ்சா நாத்தம் வரும்னு."

"அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. ரமீஜா அக்காவுக்கும் தெரியும். நீங்க உள்ள கால் வெச்ச உடனே சொன்னீங்க. முன்னாடி எங்க மோந்தீங்க?"

உங்கள் வாய் அவளுக்கு வரவில்லை என்று மேலே எழுதினேனே, அன்றைக்கு வந்தது. நீங்களே கேட்டது போலிருந்தது. இதற்கு மேல் என்னால் சுமக்க முடியவில்லை அக்கா. செம்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், பின்கதவு, இடுக்கில் திணித்த புடவை, சாம்பிராணி, அத்தர் என்று கிண்டல் பண்ணினது, கடைசியில் அந்தப் பொய். ஜன்னல் திறந்திருந்த நாளெல்லாம் அது வெளியே போய்க்கொண்டிருந்திருக்கும், நான்தான் அடைத்து வைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை.  இரண்டே கேள்வி கேட்டாள்.

"அப்ப எங்கம்மா சொன்னாங்களா? இது சேறு இல்லன்னு?"

"சொன்னாங்க. மூணு நாளா ஒரு மாதிரி இருக்குதுன்னு சொன்னாங்க. நான்தான் கேட்கலை."

"திருகு மூடித்தான் இருந்துச்சா?"

"உங்கம்மா எதை மூடாம விட்டிருக்காங்க வாணி?"

உள்ளே போய்விட்டாள். இன்றோடு ஐந்து நாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வடித்த சோற்றைத் தொடுவதில்லை, தானே ஒரு பிடி போட்டுப் பொங்கித் தின்கிறாள். இருக்கட்டும். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அக்கா, திங்கட்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது உங்கள் படத்துக்கு டிசம்பர் பூ வைத்திருந்தது. கட்டத் தெரியாமல் கட்டின பூ, நாரெல்லாம் தெரிந்தது. அவள்தான் கட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கதவை ஒரு தடவைதான் இழுத்துப் பார்க்கிறாள்.

உங்கள் பெண் உங்களிடம் திரும்பிவிட்டாள். என்னிடம் திரும்புவாளா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது செய்வீர்கள். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னும் பெரியவரிடம் சொல்லவில்லை.  வரும் தையில் உங்கள் வருஷத் திதி. உறவெல்லாம் வரும். 'திருகை மூடாமல் விட்டவள்' என்ற பேரோடு உங்களுக்குப் படையல் போட்டால் அந்தச் சோறு எனக்கு இறங்காது. அதனால் இன்றைக்குச் சாயங்காலம் அவர் அளத்திலிருந்து வந்து கால் கழுவினதும் சொல்லப்போகிறேன். கத்துவாரோ, கையை ஓங்குவாரோ, ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்துவிடுவாரோ. ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் காகிதத்தைக் குழுவுக்குக் கொடுப்பேன். சொல்லாவிட்டால் நானே அடுப்பில் போட்டுவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஆகவே அக்கா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை யாராவது சத்தமாக வாசிப்பது உங்களுக்குக் கேட்டால், நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வெளியே மேல்காற்று அடிக்கிறது. வீடு முழுக்க நாறுகிறது. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களோடு ஒரே அடுப்பில் பதினான்கு வருஷம் சமைத்த ஓரகத்தி,
உங்கள் எலும்பி அலமேலு